மண்வெட்டி படாத அரைப் பரப்பு

1

என் தங்கச்சி தவமணி உண்டாக்கிய கத்தரித் தோட்டத்தை, அவள் வீட்டில் இல்லாத ஒரு பகலில், நான் என் கையாலேயே கொத்தி அழித்தேன். கூலிக்கு வந்தவன் மாட்டேன் என்று நின்றபடியால் மண்வெட்டியை அவனிடமிருந்து வாங்கி நானே கொத்தினேன். கண்டுகள் காய்த்து நின்றன. எண்பத்துநாலாம் ஆண்டு மாசி மாதம், கொடிகாமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இது நடந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் உப அதிபர், கோயில் சபையில் பொருளாளர். கோபத்தில் அறிவிழந்து செய்த காரியம் என்று சொல்லித் தப்ப முடியாது. முதல் நாளே யோசித்து, ஆளுக்குச் சொல்லி அனுப்பி, காலையில் குளித்துத் திருநீறு பூசிய பிறகு செய்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களில் சிலராவது என்னிடம் பூமிசாத்திரம் படித்திருப்பீர்கள். வாத்தியார் லண்டனுக்குப் போனவர், பனியைப் பற்றியும் பாதாள ரயிலைப் பற்றியும் எழுதுவார் என்று காத்திருந்தால் மன்னிக்க வேண்டும். பனி வெள்ளையாக இருக்கிறது. ரயில் நிலத்துக்குக் கீழே ஓடுகிறது. அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

2

நான் இருப்பது லண்டன் நகரத்தின் ஓரத்தில், மகள் வதனியின் வீட்டில். மனைவி ஊரிலேயே காலமான பிறகு, தொண்ணூற்றுமூன்றில் மகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். காலையில் பேத்திகள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவேன். மூத்தவள் எனக்கு நாலடி முன்னால் நடப்பாள். சிநேகிதிகள் எதிரே வந்தால் பத்தடி. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்வாள். சின்னவள் அதையும் சொல்லமாட்டாள், தோளை மட்டும் குலுக்குவாள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. ஊரில் கல்லூரி விழாக்களில் இங்கிலீசில் பேசியவன்தான். ஆனால் இங்கே வந்த புதிதில், தெருவில் கண்டவர்கள் “சுகமா?” என்று கேட்டபோது அதைக் கேள்வி என்று நினைத்து, முழங்கால் வலி எப்போது தொடங்கியது என்பதிலிருந்து விளக்கமாகச் சொன்னேன். அவர்கள் சிரித்தபடியே பின்பக்கமாக நடந்து போனார்கள். அது கேள்வி அல்ல என்று மருமகன்தான் சொல்லித் தந்தார்.

பகல் முழுக்க ஆளில்லாத வீட்டில் சும்மா இருந்து பயித்தியம் பிடித்துவிடும் என்று, மருமகன் தன் பெயரில் ஓர் அலொட்மென்ற் எடுத்துத் தந்தார். நகரசபை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, மரக்கறி வைக்கிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் இடம் அது. எனக்கு வந்த துண்டை வைத்திருந்தவர் செத்து நெடுநாள் போலிருக்கிறது. இடுப்பளவு புல்லும் முள்ளும். அந்தப் புல்லின் வேர் வெள்ளை நூல்போல மண்ணுக்குள் ஓடுகிறது. ஒரு துண்டை அறுத்தால் இரண்டு பக்கமும் முளைக்கிறது. எங்கள் கோரைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

நான் அதைக் கொத்தவில்லை. நிலத்தோடு ஒட்ட வெட்டிச் சாய்த்தேன். தமிழ்க் கடைகளில் கெஞ்சி வாங்கிய மட்டைப் பெட்டிகளைப் பிரித்து, மாம்பழப் பெட்டி, மிளகாய்த்தூள் பெட்டி என்று ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறும்படி பரப்பினேன். தண்ணீர் தெளித்து நனைத்தேன். அதன்மேல் குதிரைச் சாணம், அதன்மேல் உக்கின இலை. இடையிடையே குழி விட்டு நல்ல மண் போட்டு, போஞ்சியும் பூசணியும் வைத்தேன். தவமணி செய்ததைப் போலவேதான் எல்லாம். அவளுடைய முறையை நான் இங்கே காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் அந்தத் தோட்டச் சங்கத்தின் செயலாளர் வந்து பார்த்தார். நெட்டையான கிழவர். சப்பாத்து நுனியால் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“நீங்கள் தோண்டவில்லையே?”

“தோண்டத் தேவையில்லை, ஐயா. கீழே புல் தானாகச் செத்துவிடும்.”

“இங்கே எல்லாரும் தோண்டுகிறார்கள்.”

“நான் தோண்டவில்லை.”

“அப்படியானால் நீங்கள் பயிர் செய்யவில்லை. குப்பை கொட்டியிருக்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமை கடிதம் வந்தது. நிலம் பண்படுத்தப்படாமல் கிடக்கிறது, மாரிக்கு முன் முழுதும் கொத்திப் புரட்டாவிட்டால் திருப்பி எடுக்கப்படும் என்று இருந்தது. போஞ்சி அப்போது பூத்துக்கொண்டிருந்தது.

“மாமா, ஒரு மெசினைக் கொண்டுவந்து பிரட்டிவிட்டால் ஒரு நாள் வேலை. ஏன் உந்த வில்லங்கம்?” என்றார் மருமகன். மூத்த பேத்தி கடிதத்தை வாசித்துவிட்டு, அம்மப்பாவின் குப்பைத் தோட்டத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று தங்கையிடம் இங்கிலீசில் சொன்னாள். எனக்கு விளங்காது என்று நினைத்திருப்பாள்.

கொத்தாதவனுக்கு நிலம் இல்லை என்கிறது அந்தக் கடிதம். நானும் ஒருகாலத்தில் அதே சட்டத்தைத்தான் கையில் வைத்திருந்தேன்.

3

எண்பத்துமூன்றில் கொழும்பில் தமிழரின் வீடுகளை எரித்தபோது தவமணியின் வீடும் போனது. அவளும் புருசன் சண்முகமும் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, பஸ் பிடித்து ஊருக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பை. சண்முகம் ஒரு கொம்பனியில் கணக்கெழுதினவர். தப்பி ஓடின நாளில் போட்டிருந்த வெள்ளைக் காற்சட்டையோடுதான் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு அவர் நாளுக்கு நாலு சொல் பேசினால் அதிகம். பிள்ளைகள் இல்லை.

எங்கள் அம்மாவின் காணி எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், என் வீட்டு வேலிக்கு மறுபக்கம் கிடந்தது. அதில் அம்மா கடைசியாக இருந்த சின்ன வீடும் கிணறும். தவமணிக்குக் கலியாணத்தில் வேறு காணி சீதனமாகக் கொடுத்தாயிற்று. அதை விற்றுத்தான் கொழும்பில் வீடு வாங்கினார்கள். சீதனம் வாங்கிப்போன பெண்ணுக்குப் பெற்றாரின் மிச்சச் சொத்தில் பங்கில்லை என்பது எங்கள் தேசவழமை. ஆகவே அம்மாவின் காணி எனக்கு. நான் அதை வதனிக்குச் சீதனமாக என்று மனதில் வைத்திருந்தேன். சட்டம் என் பக்கம் இருந்தது. இன்றைக்கும் என் பக்கம்தான் இருக்கிறது.

அம்மாவின் வீட்டில் இருக்கச் சொன்னேன். அதோடு இதையும் சொன்னேன்:

“இருக்கிறதெண்டால் இரு. ஆனால் காணியிலை மண்வெட்டி படக்கூடாது.”

ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒருவன் கொத்திப் பயிர் வைத்து, பத்து வருசம் யாரும் தடுக்காமல் இருந்துவிட்டால், ஆட்சியுரிமை என்று கோட்டுக்குப் போவான். கூடப்பிறந்தவர்கள் முகம் பார்க்காமல் போனதெல்லாம் இப்படித்தான். தவமணி என் முகத்தைப் பார்த்தாள்.

“மண்வெட்டி படாது, அண்ணை” என்றாள்.

ஐப்பசியில் வேலி அடைத்தோம். பழைய பனை ஓலையைக் கழற்றிக் குவித்திருந்தோம். “அண்ணை, உந்த ஓலையிலை கொஞ்சம் எடுக்கட்டோ?” என்று கேட்டாள். அடுப்புக்காக்கும் என்று நினைத்து எடு என்றேன். அடுத்த நாள் பார்த்தால், கிணற்றடிக்குக் கிழக்கே, கோரை மண்டிக் கிடந்த அரைப் பரப்பளவில் புருசனும் பெண்சாதியும் குனிந்து நிற்கிறார்கள். கோரையைக் கத்தியால் அரிந்துவிட்டு, ஓலையைக் கூரை வேய்கிறதுபோல நிலத்தில் வேய்கிறார்கள். அதன்மேல் கிழிந்த சாக்கு. சண்முகம் அந்த வெள்ளைக் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, கடகத்தில் சாணம் சுமக்கிறார். பிறகு பூவரசங் குழை வெட்டிப் பரப்பினார்கள். குளத்தடியிலிருந்து மண் அள்ளிவந்து, ஓலையில் துவாரம் விட்டு, கையால் பிடி பிடியாகப் போட்டார்கள்.

பக்கத்து வளவு நடராசா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். வாய் சும்மா இராது அவனுக்கு.

“தவமக்கா, என்ன காணிக்குப் போர்வை போத்திவிடுறியள்? குளிரோ?”

“ஓம் நடராசா, காய்ச்சல். ராத்திரி முழுக்க அனுங்கினது, உனக்குக் கேக்கேல்லையோ?”

“மருந்து கட்டுறதெண்டால் பரியாரியைக் கூப்பிடுங்கோவன்.”

“உன்னைத்தான் கூப்பிட நினைச்சனான். நீ சாணம் சுமப்பியோ எண்டு தெரியேல்லை.”

இது எங்கே படித்தது என்று நான் கேட்டேன். “எங்கை படிக்கிறது? கோரை மூச்சு முட்டிச் சாகட்டும் எண்டு போட்டது. சாகாட்டில் விடுவம்” என்றாள். அவளுக்கும் தெரியாது. கொழும்பில் பூச்சாடியில் கறிவேப்பிலை வைத்தவள்தான். ஆனால் மாரி மழை பெய்தது, ஓலை உக்கியது, கோரை கீழே வெளிறிப்போயிற்று. மார்கழி முடிய கத்தரி பூத்தது. மிளகாயும் பயிற்றையும் ஓரத்தில். தை மாதம் கொடிகாமம் சந்தைக்கு அவள் கத்தரிக்காய் கொண்டுபோகத் தொடங்கினாள். சண்முகம் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போவார். ஒருநாள் அவர் சிரிப்பதைக்கூடக் கண்டேன்.

4

தைக் கடைசியில் தவமணி என்னிடம் வந்து கதிரையில் இருக்காமல் நின்றபடி கேட்டாள். “அண்ணை, நாங்கள் இனிக் கொழும்புக்குப் போகமாட்டம். இவராலை ஏலாது. இந்த அரைப் பரப்பையும் அம்மாவின்ரை வீட்டையும் எங்களுக்கு விடுங்கோ. மிச்சம் எல்லாம் வதனிக்கு.”

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். “பிள்ளை இல்லாத உனக்குக் காணி என்னத்துக்கு?” என்றேன்.

அவள் போய்விட்டாள்.

அந்த நேரத்தில் வதனிக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை லண்டனில். ஊரில் பெடியன்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிற காலம், ராணுவம் வீதியில் மறித்துப் பிடிக்கிற காலம். பெண்பிள்ளையை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாப் பெற்றாருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. மாப்பிள்ளையின் மாமன் முறையானவர் காணி பார்க்க வருவதாக இருந்தது. முதல் நாள் கலியாணத் தரகர் வந்து வேலியால் எட்டிப் பார்த்தார்.

“மாஸ்ரர், அது ஆரின்ரை தோட்டம்?”

“தங்கச்சி சும்மா வைச்சிருக்கிறாள்.”

“சும்மா வைச்ச தோட்டம்போலை தெரியேல்லையே. நாளைக்கு வாறவர் கோட்டிலை மொழிபெயர்ப்பு முதலியாராய் இருந்தவர். ஆள் இருந்து பயிர் செய்யிற காணியைக் கண்டால் ‘ஆட்சி’ எண்டு ஒரு சொல் சொல்லுவார், எழும்பிப் போயிடுவார். பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ.”

அடுத்த நாள் தவமணி சண்முகத்தை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிற நாள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பஸ் ஏறியதும், நான் சொல்லி வைத்த கூலியாள் செல்லையா மண்வெட்டியோடு வந்தான். பாத்தியைக் கண்டதும் நின்றுவிட்டான்.

“மாஸ்ரர், காய்க்கிற கண்டு. நான் மண்வெட்டி போடமாட்டன்.”

“கூலி தாறன்தானே?”

“கூலிக்கில்லை. காய்க்கிற கண்டிலை மாட்டன்.”

“அப்ப அதை இஞ்சை தா.”

நான் கொத்தினேன். சோக்குக்கட்டி பிடித்த கை, அரைவாசியிலேயே கொப்புளித்துவிட்டது. உக்கிய ஓலைக்குக் கீழே மண் கறுப்பாக, ஈரமாக, மண்புழுவோடு வந்தது. காய்களைப் பிடுங்கி ஒரு பக்கம் போட்டேன். அவற்றை வீணாக்கக்கூடாது என்று என் மனைவி எடுத்துப் பொரித்துக் குழம்பு வைத்தாள். மத்தியானம் வந்த பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் காணியைப் பார்த்தார்.

“இப்பதான் கொத்தியிருக்கு?”

“ஓம். வெங்காயம் வைக்கப்போறம்” என்றேன்.

தவமணி வந்தபோது பெரியவரும் தரகரும் விறாந்தையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிணற்றடியில் நின்று பாத்தியைப் பார்த்தாள். கால் கழுவினாள். உள்ளே வந்து, “வாங்கோ, எப்ப வந்தனீங்கள்?” என்று விருந்தாளிகளிடம் சிரித்து விசாரித்தாள். அவர்கள் போகும்வரை என் மனைவியோடு சேர்ந்து கோப்பை கழுவினாள். கார் திரும்பின பிறகுதான் என்னிடம் வந்தாள்.

“மண்வெட்டி படக்கூடாது எண்டியள், அண்ணை. என்ரை கையாலை படேல்லை. உங்கடை கையாலைதான் பட்டது.”

சண்முகம் உள்ளே பையைக் கட்டிக்கொண்டிருந்தார். விடிய அவர்கள் யாழ்ப்பாணப் பட்டினத்துக் கரையில் இருக்கிற கொழும்புத்துறைக்குப் போய்விட்டார்கள். அவருடைய தூரத்து உறவினர் ஒருவரின் வீட்டில் ஓர் அறை. பக்கத்துக் கடற்கரையில் மீன் ஏலம் போகிற இடத்தில் தவமணி கணக்கெழுதினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சம்பந்தம் ஒப்பேறியது. பங்குனி மழை ஒன்று பெய்ததும், கொத்திய இடம் முழுக்கக் கோரை வந்தது. கிழங்கை நான் மண்வெட்டியால் நாலாக எட்டாக நறுக்கிப் பரப்பியிருந்தேன். அந்த அரைப் பரப்பில் பிறகு ஒன்றுமே உண்டாகவில்லை.

5

சண்முகம் தொண்ணூறில் செத்தார். செத்தவீட்டுக்குப் போனேன். கூடப்பிறந்தவன் வாசலில் கால் வைத்ததும் பெண் சகோதரம் எழும்பி வந்து கட்டிப்பிடித்துக் குழறுவதுதான் எங்கள் வழக்கம். தவமணி அழுதுகொண்டுதான் இருந்தாள். என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் முற்றத்தில் போட்ட வாங்கில் இருந்துவிட்டு, பிரேதம் எடுத்ததும் திரும்பினேன். மறுபடி அவளுடைய அழுகைச் சத்தம் கேட்டபோது நான் தெருவுக்கு வந்துவிட்டேன். பொருளாதாரத் தடையில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் அலைந்த காலத்தில், அவள் என்ன சாப்பிட்டாள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

பிறகு இந்த நாட்டுக்கு வந்தேன். அந்தக் காணி கொடுத்த கலியாணத்தால்தான் மகள் வந்தாள், மகள் வந்தபடியால்தான் நான் வந்தேன். வெடிச்சத்தம் இல்லாமல் நான் நித்திரை கொள்கிற ஒவ்வொரு இரவும் அந்த அரைப் பரப்பிலிருந்து எடுத்தது.

இந்தத் தொண்ணூற்றைந்தாம் வருசத் தொடக்கத்தில் சண்டை நின்றிருந்த நேரம், தவமணி கிளாலிக் கடலால் கடந்து கண்ணில் புரை வெட்டுவிக்கக் கொழும்புக்கு வந்திருப்பதாக ஒருவர் சொன்னார். கொட்டாஞ்சேனையில் அவள் தங்கிய லொட்ஜின் நம்பரும் தந்தார். எடுத்தேன்.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

“தவம், நான் அண்ணை.”

“எந்த அண்ணை?” என்றாள். அவளுக்கு இருக்கிறது நான் ஒருவன்தான்.

நான் செய்தது பிழை என்று சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அண்ணை, அழுகிறதெண்டால் ஃபோனை வைச்சிட்டு ஆறுதலாய் அழுங்கோ. லொட்ஜ்காரன் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறான், மற்ற ஆக்களுக்கும் கோல் வருமாம். என்ன விசயம்?”

“அம்மாவின்ரை காணியை உனக்குத் தரப்போறன். எட்டுப் பரப்பும்.”

“அது வதனியின்ரை பேரிலை எல்லோ கிடக்கு?”

“ஓம். அவளிட்டைச் சொல்லி எழுதுவிக்கிறன்.”

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

“அண்டைக்கு என்னட்டைப் பறிச்சு அவளுக்குக் குடுத்தியள். இண்டைக்கு அவளிட்டைப் பறிச்சு எனக்குத் தாறன் எண்டுறியள். இதிலை உங்கடை எண்டு என்ன குறையுது, அண்ணை?”

அவளே தொடர்ந்தாள்.

“எண்டாலும் வேண்டாம் எண்டு சொல்லமாட்டன். ரோசம் பாக்கிற வயசு போட்டுது. கொழும்புத்துறை வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிப்போட்டினம். எனக்குக் கிடக்க ஒரு இடம் வேணும். வதனி மனம் ஒத்துத் தந்தால் எடுப்பன். நீங்கள் அவளை நெருக்கி வாங்கித் தாறதெண்டால் வேண்டாம். வைக்கிறன்.”

6

வதனி வேலையால் வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். அவள் தண்ணீரை நிறுத்தவில்லை.

“மாமிக்கு நீங்கள் செய்ததுக்கு நான் ஏனப்பா காணி குடுக்கவேணும்?”

“அண்டைக்கு நடந்தது உனக்குத் தெரியாது, பிள்ளை.”

“ஏன் தெரியாது? அறை யன்னலாலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான். செல்லையா மாட்டன் எண்டதும் கேட்டது. நீங்கள் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு கொத்தினதும் கண்டனான். அந்தக் கத்தரிக்காய்க் குழம்பை அந்தாளுக்கு விட்டது ஆர்? நான்தானே.”

கழுவி வைத்த கோப்பை ஒன்றை எடுத்துத் துடைத்தேன்.

“பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?”

“சொன்னால் கலியாணம் குழம்பும். எனக்கு அங்கை இருக்கப் பயமாய் இருந்தது. எப்பிடியாவது வெளிக்கிட்டால் போதும் எண்டு இருந்தது.” இப்போதுதான் குழாயைப் பூட்டினாள். “அப்பா, எனக்கெண்டு அந்த ஊரிலை கிடக்கிறது அது ஒண்டுதான். இஞ்சை நாங்கள் கட்டுறது எல்லாம் வங்கியின்ரை வீடு. ஒருநாளைக்குத் திரும்பிப் போனால் எண்டு நான் ஒரு இடம் வைச்சிருக்கக்கூடாதோ?”

அவள் கேட்டது நியாயம். நான் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டு போய்ப் படுத்திருக்க வேண்டும். படுத்தேன்தான், ஆனால் சாப்பிடாமல் படுத்தேன். அடுத்த நாளும் சாப்பிடவில்லை. மகளின் வீட்டில் தகப்பன் பட்டினி கிடப்பதுபோல ஒரு வெருட்டு வேறில்லை. அது எனக்குத் தெரிந்துதான் கிடந்தேன்.

“எங்கை கையெழுத்து வைக்கவேணும்?” என்று கேட்டுக்கொண்டு அன்றிரவு வதனி வந்தாள்.

மருமகனுக்கு அக்கறையில்லை. “நான் கண்டதே இல்லாத காணி” என்றார். ஆனால் பெண்ணின் காணியைக் கைமாற்றப் புருசனின் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்பதால் அவரும் ஒரு நாள் லீவு போட்டு வர வேண்டியிருந்தது. தூதரகத்தில் முதல் முறை சாட்சிகள் போதாது என்றார்கள். இரண்டாம் முறை சாட்சிகள் இருந்தார்கள், முத்திரை குத்துகிறவர் இல்லை. மூன்றாம் முறை எல்லாரும் இருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், யாழ்ப்பாணத்தில் காணி எழுதுகிறீர்களா, இந்த நேரத்திலா என்று வதனியைப் பார்த்துச் சிரித்தார். அவள் என்னைக் காட்டி, “அவரைக் கேளுங்கள்” என்றாள். வதனிக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணிப் பத்திரம், காணி உறுதி எழுதுவதற்காகக் கொழும்பில் ஒரு நொத்தாரிசுக்குப் போயிற்று.

தவமணி ஊருக்குத் திரும்ப முன் ஒருமுறை எடுத்தேன்.

“வதனி மனம் ஒத்துத் தந்தவளோ?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றேன்.

“சரி” என்று வைத்துவிட்டாள்.

கையெழுத்து வைத்த நாளில் வதனி சொன்னது ஒன்றுதான்: “இனி இந்த வீட்டிலை காணிக் கதை வேண்டாம்.” காணிக் கதை மட்டுமில்லை, வேறு கதையும் இல்லாமல் போயிற்று. சாப்பாடு மேசையில் இருக்கும். சின்னவளை அனுப்புவாள். சின்னவள் அறை வாசலில் நின்று, சாப்பாடு என்று இங்கிலீசில் சொல்லிவிட்டு ஓடுவாள்.

7

ஆவணியில் பக்கத்து வளவு நடராசா லண்டனுக்கு வந்தான். மகன் கூப்பிட்டிருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது, வாய் அப்படியே இருக்கிறது. என்னைப் பார்க்க வந்தபோது ஊர்ப் புதினம் எல்லாம் சொன்னான். எந்த வீடு ஷெல் பட்டு விழுந்தது, எந்தப் பிள்ளை இயக்கத்துக்குப் போனது, யார் யார் இல்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்க நேரம் எடுத்தது.

“தவமணி வந்திட்டாளோ?”

“வந்திட்டா. சித்திரையிலையே வந்திட்டா. உங்கடை கொம்மாவின்ரை வீட்டுக்குக் கூரை மேஞ்சு, சுத்திவர வேலி அடைச்சு, படலைக்குப் பூட்டும் போட்டாச்சு. நான் முந்தினமாதிரி எட்டிப் பாத்தன், ‘நடராசா, இனி எட்டிப் பாக்கிறதெண்டால் கேட்டிட்டுப் பார்’ எண்டா.”

“தோட்டம் போட்டிருக்கிறாளோ?”

“போடாமலோ? வெங்காயம். எட்டுப் பரப்பிலை நாலு பரப்பு வெங்காயம்.”

“ஓலை பரப்பித்தானே? கிணத்தடிப் பக்கம்?”

நடராசா என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“ஓலையோ? என்ன மாஸ்ரர் கதைக்கிறியள்! நாலு பேரைப் பிடிச்சு, முழங்கால் ஆழத்துக்குக் கொத்துவிச்சவ. கோரைக்கிழங்கைக் கடகம் கடகமாய்ப் பொறுக்கிக் குவிச்சு நெருப்பு வைச்சவ. பக்கத்திலை கதிரை போட்டு இருந்துகொண்டு, ‘அங்கை ஒரு மூலை விடுபட்டுப்போச்சு, இஞ்சை ஆழம் காணாது’ எண்டு ஒரே சத்தம். கடைசியிலை ஆக்களிட்டை மண்வெட்டியை வாங்கித் தானும் நாலு கொத்துக் கொத்தினா. கண் வெட்டின மனிசி, வேண்டாமெண்டாலும் கேக்கேல்லை.”

“முந்தி கொத்தாமல்தானே நல்லாய் வந்தது?”

“முந்தி நீங்கள் கொத்த விடேல்லை. அதாலை ஓலை. இப்ப சொந்தக் காணியெல்லோ, மாஸ்ரர்? சொந்தக் காணியைக் கொத்தாமல் ஆர் விடுவினம்?”

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றேன்.

“இல்லை. லண்டனுக்குப் போறன், மாஸ்ரருக்குச் சொல்ல ஏதும் இருக்கோ எண்டு நான்தான் கேட்டனான். ‘காணி உறுதி வந்து சேந்தது எண்டு சொல்லு’ எண்டா. அவ்வளவுதான்.”

அவன் புறப்படும்போது, லண்டனில் வாத்தியார் தோட்டம் செய்கிறாராமே, பார்க்க வேண்டும் என்றான். கூட்டிப்போனேன். செயலாளர் சொன்ன தவணை முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. இரண்டு பக்கத்துத் துண்டுகளும் கிழங்கு கிண்டியெடுத்துப் புரட்டிய மண்ணோடு கிடந்தன. நடுவில் என்னுடையது, நனைந்த மட்டைப் பெட்டிகளும் உக்கின இலையும் காய்ந்த போஞ்சிக் கொடியுமாக. நடராசா அங்கேயும் இங்கேயும் பார்த்தான். பெட்டியின் ஒரு விளிம்பைக் காலால் தூக்கிப் பார்த்தான்.

“மற்றவை எல்லாரும் கொத்தியிருக்கினம்” என்றான். “உங்களை ஆர் மாஸ்ரர் கொத்தக்கூடாது எண்டது?”

“ஒருத்தரும் இல்லை” என்றேன்.